உஷார்! உங்கள் ஆன்லைன் வகுப்பில் யார் இருக்கிறார்கள்?

"திங்கட்கிழமைலேருந்து ஆன்லைன் பேட்ச் ஆரம்பம். பாடம்தான் உங்களுக்கு அத்துப்படி ஆச்சே. லிங்க்கை வாட்ஸ்அப்ல அனுப்பிடுறேன், உள்ள போய் எடுத்துடுங்க."

கல்லூரி ஆனாலும் சரி, கோச்சிங் சென்டர் ஆனாலும் சரி, வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கும் அமைப்பு ஆனாலும் சரி, புதிதாக வரும் ஆசிரியரிடம் ஆன்லைன் வகுப்பு பெரும்பாலும் இப்படித்தான் ஒப்படைக்கப்படுகிறது. உங்களுக்கும் இப்படி ஓர் அழைப்பு வந்திருந்தால், "சரி சார்" என்று சொல்வதற்கு முன் தயவுசெய்து இதைப் படித்துவிடுங்கள்.

புதிய ஆன்லைன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் வேலையில் இருக்கிறேன். நேரடி வகுப்பில் பெயர் வாங்கியவர்கள்கூடத் திரைக்கு முன்னால் உட்கார்ந்ததும் திணறுவதைத் தொடர்ந்து பார்க்கிறேன். அவர்களுடைய பாட அறிவில் எந்தக் குறையும் இல்லை. பள்ளி அறையில் அந்நியர் ஒருவர் நுழைந்தால் உடனே தெரிந்துவிடும். மாணவர் ஒருவர் எழுந்து போனாலும் தெரிந்துவிடும். ஆன்லைனில் இந்த இரண்டும் சத்தமில்லாமல் நடக்கும். வரக்கூடாதவர் உள்ளே வந்திருப்பார், இருக்க வேண்டியவர் போயிருப்பார், நீங்கள் பாடம் நடத்திக்கொண்டே இருப்பீர்கள். நான் எச்சரிப்பது இந்த இரண்டைப் பற்றித்தான். முதலாவது ஒரே நிமிடத்தில் வகுப்பைச் சிதைத்துவிடும். இரண்டாவது மாதக்கணக்கில் மெல்ல மெல்ல நடக்கும். என் கணக்கில் இரண்டாவதுதான் பெரிய ஆபத்து. ஆனாலும் முதலாவதை முதலில் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் அதில் குழந்தைகள் அடிபடுகிறார்கள்.

வரக்கூடாதவர்கள்

2020 மார்ச் இறுதியில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஓர் உயர்நிலைப் பள்ளி ஆசிரியர் ஜூமில் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அடையாளம் தெரியாத ஒருவர் நடுவில் நுழைந்து கெட்ட வார்த்தையில் கத்தினார். அதோடு அந்த ஆசிரியரின் வீட்டு முகவரியையும் எல்லார் காதிலும் விழும்படி சொன்னார். எஃப்பிஐயின் பாஸ்டன் அலுவலகம் மார்ச் 30 அன்று வெளியிட்ட எச்சரிக்கையில் பதிவான சம்பவம் இது. ஏப்ரல் 5 முதல் ஜூம் நிறுவனம் தன் இலவசக் கணக்குகளில் பாஸ்வேர்டும் வெயிட்டிங் ரூமும் தானாகவே இயங்கும்படி செய்தது. ஏப்ரல் 8 அன்று சிங்கப்பூர்ப் பள்ளிகள் முழுமையாக வீட்டிலிருந்து கற்கும் முறைக்கு மாறின. அந்த வாரமே ஒரு புவியியல் வகுப்புக்குள் ஆண்கள் இருவர் புகுந்து ஆபாசப் படங்களைக் காட்டி, மாணவிகளிடம் அருவருப்பாகப் பேசினார்கள். சிங்கப்பூர்க் கல்வி அமைச்சு ஆசிரியர்கள் ஜூம் பயன்படுத்துவதையே தற்காலிகமாக நிறுத்திவைத்தது. கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகள் செய்த பிறகுதான் மறுபடி அனுமதித்தது. நம் உள்துறை அமைச்சகமும் அதே ஏப்ரலில் ஜூம் பாதுகாப்பான தளம் அல்ல என்று அறிவுறுத்தியது.

"அதெல்லாம் கொரோனா காலத்துக் கதை, இப்பதான் எல்லாத்துக்கும் பூட்டு வந்துடுச்சே" என்று பலர் சொல்கிறார்கள். பூட்டு வந்தது உண்மை. ஆனால் சாவி எங்கிருந்து வெளியே போகிறது என்று பாருங்கள். பிங்கம்டன், பாஸ்டன் பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்கள், "இந்த மீட்டிங்கில் புகுந்து கலாட்டா செய்யுங்கள்" என்று 2020இன் முதல் ஏழு மாதங்களில் ட்விட்டரிலும் 4சான் தளத்திலும் வந்த அழைப்புகளைச் சேகரித்து ஆராய்ந்தார்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆன்லைன் வகுப்புகளைக் குறிவைத்தவை. அழைப்பு விடுத்தவர்களில் பெரும்பாலோர் அந்த வகுப்புக்குள்ளேயே இருந்தவர்கள்! லிங்க்கையும் பாஸ்வேர்டையும் சேர்த்தே அவர்கள் கொடுத்துவிடுகிறார்கள். உள்ளிருப்பவரே பாஸ்வேர்டைக் கொடுத்த பிறகு அது யாரைத் தடுக்கும்? ஒவ்வொரு மாணவருக்கும் தனித்தனி லிங்க் கொடுப்பதைத்தான் சிறந்த தற்காப்பாக அந்த ஆய்வு சொன்னது.

நம் ஊர் நிலைமைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். லிங்க் போவது வகுப்பு வாட்ஸ்அப் குரூப்புக்கு. அங்கிருந்து ஒரு மாணவர் அதைத் தன் நண்பர்கள் குரூப்புக்கு ஃபார்வர்டு செய்ய இரண்டு தட்டல் போதும். "எங்க மேடம் க்ளாஸ், வாங்கடா" என்று ஸ்டேட்டஸ் வைக்க இன்னும் ஒரு தட்டல். அவர் கெட்ட பிள்ளையாக இருக்க வேண்டியதில்லை, விளைவு தெரியாத வயது. அதனால் பாஸ்வேர்டு இருக்கிறது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

ஜூம் உங்கள் கணக்குக்கு ஒரு நிரந்தர மீட்டிங் எண் தரும். வசதியாக இருக்கிறதே என்று அதையே எல்லா வகுப்புக்கும் கொடுக்காதீர்கள். அந்த எண் ஒருமுறை வெளியே போனால் போனதுதான். கட்டணக் கணக்கில் மாணவர்கள் முன்பதிவு செய்து ஆளுக்கொரு லிங்க் பெறும் வசதி உண்டு, அதை நிறுவனத்திடம் கேட்டு வாங்குங்கள். இலவசக் கணக்குதான் என்றால் வெயிட்டிங் ரூமை விட்டால் வேறு வழியில்லை. அதையும் சும்மா திறந்துவைத்துப் பயனில்லை. "ரெட்மி நோட்", "அம்மா போன்", "ஐபோன்" என்று பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். நேரமாகிறதே என்ற பதற்றத்தில் எல்லாரையும் ஒரே தட்டலில் உள்ளே விட்டுவிடுவீர்கள். முதல் நாளிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்: பெயரும் வரிசை எண்ணும் சேர்த்துப் போட்டு வந்தால்தான் கதவு திறக்கும். இரண்டு வகுப்புகளுக்குப் பிள்ளைகள் முணுமுணுப்பார்கள், மூன்றாவது வகுப்பில் பழகிவிடும்.

ஸ்கிரீன் ஷேர் ஹோஸ்டுக்கு மட்டும், மாணவர்களுக்குள் தனிச் சாட் கிடையாது, திரையில் கிறுக்கும் வசதி அணைக்கப்பட்டிருக்கும் என்று தொடக்கத்திலேயே வைத்துவிட்டு, தேவைப்படும்போது மட்டும் திறந்துகொள்ளுங்கள். எல்லாவற்றையும் மீறி ஒருவன் புகுந்துவிட்டால்? ஜூமில் 'ஹோஸ்ட் டூல்ஸ்' (பழைய பதிப்புகளில் 'செக்யூரிட்டி') பட்டனுக்குள் எல்லாருடைய வீடியோ, ஆடியோ, சாட், ஷேர் அனைத்தையும் ஒரே தட்டலில் நிறுத்தும் வசதி இருக்கிறது. அது எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பார்த்து, ஒருமுறை அழுத்தியும் பாருங்கள். கை நடுங்கும் நேரத்தில் மெனுவுக்குள் தேடிக்கொண்டிருக்க முடியாது. வகுப்பில் இருப்பது சிறு பிள்ளைகள் என்றால் சம்பவத்தை அமுக்கிவிடாதீர்கள். உடனே நிர்வாகத்துக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098, சைபர் குற்றப் புகாருக்கு 1930. பார்க்கக்கூடாததைப் பார்த்த பிள்ளையிடம் "அதை விடு, பாடத்துக்கு வா" என்று சொல்லிக் கடந்துபோவது பெரிய தவறு.

உங்கள் மானமும் இதில் இருக்கிறது

2021 மே மாதம், ஆன்லைன் வகுப்பில் முறைகேடாக நடந்துகொண்டதாகச் சென்னைப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மீது மாணவிகள் புகார் சொன்னார்கள். அவர் கைது செய்யப்பட்டார். அதையடுத்து, ஆன்லைன் வகுப்புகளை முழுமையாகப் பதிவு செய்ய வேண்டும், பள்ளி நிர்வாகமும் பெற்றோர் ஆசிரியர் கழகமும் சேர்ந்த குழு அந்தப் பதிவுகளை ஆய்வு செய்ய வேண்டும், வகுப்பறைக்கு வருவதுபோலக் கண்ணியமான உடையில்தான் கேமரா முன் உட்கார வேண்டும் என்று தமிழக அரசு அறிவித்தது. ஒழுங்காக வேலை செய்யும் ஆசிரியருக்கு இந்த விதிகள் ஒரு பாதுகாப்பு. நாளைக்கு யாராவது பொய்யாக ஒன்றைச் சொன்னால் உங்களிடம் பதிவு இருக்கும்.

பதிவு செய்வதிலும் கவனம் வேண்டும். மாணவர்களிடம் சொல்லாமல் பதிவு செய்யக் கூடாது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகவே கருதி, அவர்களுடைய தகவலுக்குப் பெற்றோரின் சம்மதத்தைக் கேட்கிறது. பிள்ளைகளின் முகமும் குரலும் இருக்கும் வீடியோவை யூடியூபில் ஏற்றி லிங்க் பகிரும் பழக்கம் நம்மிடையே மிகச் சாதாரணமாக இருக்கிறது. எனக்கு அது பெரிய கவலை. பதிவு எங்கே இருக்கும், யார் பார்க்கலாம், எப்போது அழிக்கப்படும் என்று நிறுவனத்திடம் கேளுங்கள்.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயம். ஜூமில் உங்கள் கம்ப்யூட்டரிலேயே பதிவு செய்தால், வீடியோவுடன் சாட்டும் ஒரு தனி ஃபைலாகச் சேமிக்கப்படலாம். வகுப்பு நடக்கும்போது ஒரு மாணவர் உங்களுக்கு மட்டும் தனியாக எழுதியது, நீங்கள் கோ-ஹோஸ்டுக்கு "இந்தப் பையன் தேறமாட்டான்" என்று தனியாக எழுதியது, எல்லாம் அதில் இருக்கும். அந்த ஃபோல்டரை அப்படியே டிரைவில் ஏற்றிப் பகிர்ந்தால் அத்தனையும் வகுப்பின் கைக்குப் போய்விடும். வீடியோவை மட்டும் எடுத்துப் பகிருங்கள். முதலில், அப்படி ஒரு வாக்கியத்தை எங்கேயும் எழுதாதீர்கள்.

முழு டெஸ்க்டாப்பையும் ஷேர் செய்யாதீர்கள், காட்ட வேண்டிய விண்டோவை மட்டும் ஷேர் செய்யுங்கள். வாட்ஸ்அப் வெப் திறந்திருந்தால் உங்கள் வீட்டுப் பேச்சு மூலையில் எட்டிப் பார்க்கும், பேங்க் மெசேஜ் எட்டிப் பார்க்கும். அது ஸ்கிரீன்ஷாட் ஆக அரை நொடி போதும். மாணவர்களுக்குச் சொந்த நம்பரைக் கொடுப்பதை முடிந்தவரை தவிருங்கள். சிறுவர் சிறுமியரோடு இரவில் தனிச் சாட், தனி வீடியோ கால் வேண்டவே வேண்டாம், சந்தேகம் தீர்ப்பதற்காக இருந்தாலும். சந்தேகங்களைப் பொதுக் குரூப்பிலோ, இன்னொரு பெரியவர் இருக்கும் மீட்டிங்கிலோ தீர்த்துவையுங்கள்.

இருக்க வேண்டியவர்கள்

இனி நான் அதிகம் பயப்படும் இரண்டாவது ஆபத்து.

உங்கள் திரையில் நாற்பது பெயர்கள் இருக்கின்றன. அவற்றில் எத்தனை பேர் உண்மையில் இருக்கிறார்கள்? போனை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனவரும் அந்த நாற்பதில் ஒருவர். இன்னொரு விண்டோவில் ரீல்ஸ் பார்ப்பவரும் ஒருவர். பஸ்ஸில் நின்றபடி, சிக்னல் போய்ப்போய் வர, உண்மையாகவே கேட்க முயல்பவரும் ஒருவர். மூன்று பேருமே உங்களுக்கு ஒரே மாதிரியான கறுப்புக் கட்டங்கள்தான். நீங்கள் "புரியுதா?" என்று கேட்கிறீர்கள். முன்வரிசைப் பிள்ளைகள் என்று சொல்வோமே, அப்படிப்பட்ட மூன்று பேர் "யெஸ் சார்" என்கிறார்கள். வகுப்பு நன்றாகப் போகிறது என்று நம்பி அடுத்த ஸ்லைடுக்குப் போகிறீர்கள். அந்த நம்பிக்கையில் மூன்று மாதம் ஓடி, தேர்வு முடிவு வரும்போதுதான் உண்மை தெரியும்.

எம்ஐடியின் ஜஸ்டின் ரீச்சும் அவருடைய சக ஆய்வாளரும் எம்ஐடி, ஹார்வர்டு நடத்திய இலவச ஆன்லைன் பாடங்களின் ஆறு ஆண்டுத் தரவை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட கணக்கு இது: பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பாடத்துக்குள் நுழையவே இல்லை. 2017-18இல் முடித்தவர்கள் மொத்தப் பங்கேற்பாளர்களில் 3.13 சதவீதம். நேரலை வகுப்பு அப்படி இல்லை, கட்டணம் கட்டியவர்கள் அவ்வளவு எளிதாக விலகமாட்டார்கள் என்று நீங்கள் சொல்லலாம். சரிதான். ஆனால் உலகத்தின் சிறந்த பேராசிரியர்கள் நன்கு தயாரித்துக் கொடுத்த பாடத்துக்கே இந்தக் கதி என்றால், நல்ல பாடம் ஆளை உட்காரவைத்துவிடும் என்ற நம்பிக்கையை விட்டுவிட வேண்டும். ஆளை உட்காரவைப்பது தனி வேலை. அந்த வேலையைப் பல நிறுவனங்கள் ஆசிரியருக்குச் சொல்லிக்கொடுப்பதே இல்லை.

"புரியுதா?" என்ற கேள்வியை இன்றோடு நிறுத்துங்கள். பதிலாக எல்லாருடைய விரலும் அசைய வேண்டிய ஒரு கேள்வியைக் கேளுங்கள். கணக்குப்பதிவியல் வகுப்பு என்று வைத்துக்கொள்வோம். "1,000 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீத ஜிஎஸ்டி எவ்வளவு? எண்ணை மட்டும் சாட்டில் டைப் பண்ணுங்க, நான் சொல்ற வரைக்கும் அனுப்பாதீங்க." கொஞ்ச நேரம் விட்டு, "இப்ப அனுப்புங்க." பதில்கள் ஒரே நேரத்தில் கொட்டும், ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுத முடியாது. 180 என்று வந்தால் சரி. 1,180 என்று எழுதியவர்கள் வரியையும் மொத்தத் தொகையையும் குழப்பிக்கொள்கிறார்கள். 18 என்று எழுதியவருக்குச் சதவீதமே தகராறு. எதுவும் எழுதாத பெயர்களைத் தாளில் குறித்துக்கொள்ளுங்கள். யார் இருக்கிறார்கள், யார் எங்கே நிற்கிறார்கள் என்ற இரண்டும் ஒரே நிமிடத்தில் தெரிந்துவிட்டன. பத்து நிமிடத்துக்கு ஒருமுறையாவது இப்படி ஒன்று வேண்டும். முதல் ஐந்து நிமிடத்துக்குள் முதல் கேள்வி வந்துவிட வேண்டும்.

கேட்டுவிட்டுக் காத்திருங்கள். புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் இதுதான். மேரி பட் ரோவ் என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து கேட்டபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக்கியதும் பதில்கள் நீண்டன, அதிகம் பேர் பதில் சொன்னார்கள். அது நேரடி வகுப்பு. ஆன்லைனில் உங்கள் குரல் போய்ச் சேர வேண்டும், அவர் யோசிக்க வேண்டும், மியூட்டை எடுக்க வேண்டும், அல்லது சின்ன கீபோர்டில் தமிழில் டைப் செய்ய வேண்டும். மூன்று நொடி எந்த மூலைக்கு? பத்து நொடியாவது மனதுக்குள் எண்ணுங்கள். அந்த மௌனம் உங்களுக்கு யுகமாகத் தெரியும். பேசி நிரப்பிவிடத் தோன்றும். நிரப்பாதீர்கள்.

வகுப்பறைப் பழக்கங்களில் சில இங்கே எடுபடாது. "எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" என்பது அதில் ஒன்று. தமிழ் கற்றுக்கொடுப்பவர்கள் ல, ள, ழ சொல்லவைக்க ஆசைப்பட்டு எல்லாரையும் அன்மியூட் செய்கிறார்கள். ஒவ்வொருவர் குரலும் ஒவ்வொரு தாமதத்தில் வரும், மென்பொருள் உரத்த குரலை மட்டும் பிடித்து மற்றதை அமுக்கும். மிஞ்சுவது இரைச்சல். எல்லாரும் மியூட்டில் உரக்கச் சொல்லட்டும், நீங்கள் பெயர் சொல்லி அழைக்கும் பிள்ளை மட்டும் அன்மியூட்டில் சொல்லட்டும். வரிசைப்படி கூப்பிடாதீர்கள். தன் முறை முடிந்ததும் பிள்ளை எழுந்துபோய்விடும்.

பிரேக்அவுட் ரூம் இன்னொரு பொறி. "நாலு நாலு பேரா பேசுங்க" என்று அனுப்பிவிட்டு நீங்கள் தண்ணீர் குடிக்கிறீர்கள். அங்கே நால்வரும் மியூட்டில், ஒருவரும் பேசவில்லை, என்ன செய்ய வேண்டும் என்று தெரியவும் இல்லை, ஏனென்றால் நீங்கள் ஸ்லைடில் காட்டிய குறிப்பு அறைக்குள் போனதும் கண்ணிலிருந்து மறைந்துவிட்டது. பிரதான அறையின் சாட்டில் எழுதினாலும் அவர்களுக்குப் போகாது, 'பிராட்காஸ்ட்' செய்தால்தான் போகும். பணியை முன்கூட்டியே வாட்ஸ்அப் குரூப்பில் எழுத்தாகக் கொடுங்கள். யார் பேச்சைத் தொடங்க வேண்டும் என்று பெயர் சொல்லுங்கள். திரும்பி வரும்போது கையில் என்ன கொண்டுவர வேண்டும் என்பதையும் சொல்லி அனுப்புங்கள். ஒரு வாக்கியம், ஒரு எண், ஏதாவது ஒன்று. ஒருவரையொருவர் அறியாதவர்களை முதல் வாரத்தில் பிரேக்அவுட்டுக்கு அனுப்பவே வேண்டாம் என்பது என் கருத்து.

பிரிட்டனின் ஓப்பன் யுனிவர்சிட்டியில் பணியாற்றிய கில்லி சால்மன், ஆன்லைன் கற்பித்தலை ஐந்து படிகளாகப் பிரித்தார். அதில் தகவல் பரிமாற்றம் மூன்றாவது படிதான். அதற்கு முன் இரண்டு படிகள்: ஒன்று, தடையில்லாமல் உள்ளே வரப் பழகுவது. மற்றொன்று, ஒருவரோடொருவர் பழகுவது. நம் புதிய ஆசிரியர்கள் முதல் நாளே மூன்றாவது படியில் காலை வைக்கிறார்கள். போர்ஷன் முடிக்க வேண்டும் என்ற அவசரம்! முதல் வகுப்பைப் பெயர் மாற்ற, கை உயர்த்த, சாட்டில் எழுத, ஊர் பெயர் சொல்ல, ஒரு சின்ன ஃபார்ம் நிரப்பக் கொடுத்துவிடுங்கள். அந்த ஒரு மணி நேரம் பின்னால் பல மடங்காகத் திரும்பி வரும்.

குறித்துவைத்த தாளில் இரண்டு வகுப்புகளாகத் தொடர்ந்து சத்தமே இல்லாத பெயருக்கு மூன்றாவது வகுப்புக்கு முன் போன் போக வேண்டும். நீங்களோ அலுவலகமோ யாராவது பேச வேண்டும், சிறுவர் என்றால் பெற்றோரிடம். "ஏன் வரலை?" என்று அதட்டாமல், "க்ளாஸ் கேக்குதாப்பா, ஏதாவது சிரமமா?" என்று கேளுங்கள். பாதிக் காரணங்கள் நீங்கள் சரிசெய்யக்கூடியவையாக இருக்கும். போன் அண்ணனிடம் இருக்கும், டேட்டா சாயங்காலத்துக்குள் தீர்ந்துபோகும், கேள்வி கேட்டால் சிரிப்பார்கள் என்ற பயம் இருக்கும். ஒரு மாதம் கழித்துப் பேசினால் அவர் ஏற்கெனவே மனதால் விலகியிருப்பார்.

அவர்கள் கையில் இருப்பது போன்

2017-18இல் எடுத்த தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் 4.4 சதவீதத்திடம்தான் கம்ப்யூட்டர் இருந்தது, நகர்ப்புறத்தில் 23.4 சதவீதம். அதன்பின் கைக்குக் கை போன் வந்துவிட்டது, நிலைமை மாறிவிட்டது. ஆனால் வந்தது போன்தான். நீங்கள் 15 அங்குல லேப்டாப்பில் தயாரிக்கும் பிபிடியை அவர்கள் உள்ளங்கை அகலத் திரையில் பார்க்கிறார்கள். எக்செல் ஷீட்டை அப்படியே ஷேர் செய்யும்போது அவர்களுக்குத் தெரிவது எறும்பு ஊர்வதுபோல் சில கோடுகள். ஒவ்வொரு ஸ்லைடையும் உங்கள் போனில் திறந்து, கையை நீட்டிப் பிடித்து, படிக்க முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எழுத்தைப் பெரிதாக்குங்கள், ஸ்லைடை இரண்டாகப் பிரியுங்கள். பிடிஎஃப்பை வகுப்புக்கு முன்பே அனுப்பிவிடுங்கள், லைன் போனாலும் பாடம் கையில் இருக்கும்.

கேமராவைக் கட்டாயப்படுத்தாதீர்கள். குரலுக்கு மட்டும் நொடிக்கு 60 முதல் 80 கிலோபிட் போதும் என்கிறது ஜூம். வீடியோவுக்கு அதைப்போலப் பல மடங்கு தேவை. அதைவிட முக்கியமான காரணம் வேறு. ஒரே அறையில் அம்மா சமைக்க, தாத்தா படுத்திருக்க, அந்தப் பிள்ளை மூலையில் உட்கார்ந்திருக்கும். தன் வீட்டை வகுப்பு முழுவதும் பார்ப்பதை அது விரும்பாது. சேர்ந்த முதல் வாரத்திலேயே இதற்காக விலகும் பிள்ளைகள் உண்டு.

நேரத்திலும் ஏமாறாதீர்கள். மத்திய மனிதவள மேம்பாட்டு அமைச்சகம் (இன்றைய கல்வி அமைச்சகம்) 2020 ஜூலையில் வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல்கள் 1 முதல் 8ஆம் வகுப்பு வரை ஒரு நாளில் 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் வேண்டாம் என்றன, 9 முதல் 12 வரை நான்கு. இதை வைத்துப் பார்த்தால் மூன்று மணி நேரத் தொடர் வகுப்பு என்பது யாருக்காக? நேரடி வகுப்புக்கான பாடத்தில் பாதியைத்தான் ஆன்லைனில் அதே நேரத்தில் தர முடியும் என்று வைத்துத் திட்டமிடுங்கள். பதிவு செய்த வீடியோவாகக் கொடுப்பதைத் துண்டாக்கிக் கொடுங்கள். எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் முறை வீடியோக்கள் பார்க்கப்பட்ட தரவை வைத்து பிலிப் குவோவும் மற்றவர்களும் 2014இல் செய்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பார்த்த இடைநிலை நேரம் அதிகபட்சம் ஆறு நிமிடம்தான்.

உங்கள் களைப்பையும் கவனியுங்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜெரமி பெய்லன்சன் 2021இல் எழுதிய கட்டுரையில் வீடியோ கால் களைப்புக்குச் சொன்ன காரணங்களில் ஒன்று, நாள் முழுக்க நம் முகத்தையே நாம் பார்த்துக்கொண்டிருப்பது. 'செல்ஃப் வியூ'வை மறைத்துவிடுங்கள்.

ஒத்திகை இல்லாமல் இறங்காதீர்கள்

வகுப்புக்கு இரண்டு நாள் முன்பு, லேப்டாப்பில் ஹோஸ்டாகவும் உங்கள் போனில் மாணவராகவும் ஒரே நேரத்தில் உள்ளே போங்கள். போனை அடுத்த அறையில் ஒருவரிடம் கொடுத்து, குரல் தெளிவாக இருக்கிறதா, ஃபேன் சத்தம் வருகிறதா, ஷேர் செய்த வீடியோவின் ஒலி கேட்கிறதா என்று சொல்லச் சொல்லுங்கள். கம்ப்யூட்டர் ஒலியைச் சேர்த்து ஷேர் செய்ய ஒரு தனி டிக் இருப்பது பலருக்கு வகுப்பு நடுவில்தான் தெரிகிறது. இலவச ஜூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும். இலவச கூகுள் மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் ஒரு மணி நேரம். பாடத்தின் முக்கியமான இடம் அந்த எல்லையில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கரன்ட் போனால் என்ன செய்வது? போன் ஹாட்ஸ்பாட் தயாராக இருக்கட்டும், கோ-ஹோஸ்ட் ஒருவர் உள்ளே இருக்கட்டும். "நான் துண்டிக்கப்பட்டால் பத்து நிமிடம் காத்திருங்கள், அதற்குள் 4ஆம் கணக்கைப் போடுங்கள்" என்ற அறிவிப்பு குரூப்பில் முன்பே பின் செய்யப்பட்டிருக்கட்டும்.

இதில் பாதிக்கு மேல் உங்களால் தனியாகச் செய்ய முடியாது. அதனால் நிறுவனத்திடம் இப்போதே கேளுங்கள். ஒரு பேட்ச்சில் எத்தனை பேர்? என்னோடு கோ-ஹோஸ்டாக யார் இருப்பார்கள்? கட்டணக் கணக்கா, இலவசமா? பதிவுக்குப் பெற்றோரின் சம்மதம் வாங்கியாகிவிட்டதா? வராத மாணவருக்கு போன் செய்வது யார் பொறுப்பு? ஒத்திகைக்கும் தயாரிப்புக்கும் ஆகும் நேரத்துக்குச் சம்பளம் உண்டா? கடைசிக் கேள்வியைக் கேட்கப் பலர் கூச்சப்படுகிறார்கள். கேட்காததால்தான் தயாரிப்பே இல்லாமல் வகுப்புகள் தொடங்குகின்றன. பதில்களை எழுத்தில் வாங்கிக்கொண்டு, அதன்பிறகு தொடக்கத் தேதியைச் சொல்லுங்கள்.